மூலப்பொருள்: திப்பி, தண்ணீர், வேலம்பட்டை

அக்டோபர் 10, திங்கள்

காலையில் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தார் ஆலை கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பதினோரு வரி. மூன்று ஒற்றுப்பிழை, ஓர் எழுத்துப்பிழை. எழுத்துப்பிழை என் பெயரில்: 'சந்தரமதி'. சிவப்பு மையில் திருத்தி, நகல் எடுத்துக்கொண்டு, அசலை அனுப்பியவர்களுக்கே தபாலில் திருப்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். ஆலையின் பின்புறம் குவிந்து கிடக்கும் திப்பியைத் தொண்ணூறு நாளுக்குள் அகற்ற வழி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஜவ்வரிசி ஆலையைப் பூட்டி சீல் வைப்பார்கள்.

குச்சிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சும் சக்கைதான் திப்பி. களத்தில் காயவைத்தால் மாட்டுத் தீவனக்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். இந்த வருடம் ஆடியில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. திப்பி காயவில்லை, அழுகுகிறது. நாறுகிறது என்று ஊரார் சொல்வதில் பொய் இல்லை. என் படுக்கையறை ஜன்னலுக்கே வருகிறது. ஆனால் அதை என்னிடம் நேரில் வந்து சொல்லியிருக்கலாம். கேட்டில் பசை தடவி ஒட்டுவது என்ன பழக்கம்? அந்தப் பசையும் நம் ஆலை மாவில் காய்ச்சியதாகத்தான் இருக்கும்.

என் கணவர், அவர் போய்ப் பதின்மூன்று வருடமாக இந்த ஆலையை நான் நடத்துகிறேன். ஒரு நாள்கூட ஒரு சங்கு தாமதமாக ஊதியதில்லை.

அக்டோபர் 11, செவ்வாய்

கீழ்வரிசைப் பல்செட் உறுத்துகிறது. ஆத்தூர் பல் டாக்டர், "பழகிடும்மா" என்கிறார். அளவு தவறியது அவர். பழக வேண்டியது நான்.

அக்டோபர் 14, வெள்ளி

சேலத்தில் இருந்து பேராசிரியர் அருமைநாயகம் வந்தார். வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். நெல்லைப் பக்கத்து ஆள். கால்செருப்பை வாசலில் ஜோடியாக, நேராக விட்டார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்தது.

திப்பிக் குவியலைச் சுற்றி நடந்தார். ஒரு பிடி எடுத்துப் பிசைந்தார்.

"இதுல இன்னும் பாதிக்குப் பாதி மாவு கெடக்கும்மா. வேகவச்சு, நொதிப்பொடி போட்டு இனிப்பாக்கி, ஈஸ்ட்டு விட்டு, வடிச்சம்னா அருமையான சாராயம்…"

"அந்தச் சொல் இந்த வளாகத்தில் வேண்டாம்," என்றேன்.

"நான் எரிக்கதத்தான் சொல்லுதேன். ஜெனரேட்டருக்கு ஊத்தலாம். ஜவ்வரிசி வறுக்குத அடுப்புக்கு ஊத்தலாம். குடிக்கதுக்கு இல்ல."

"அப்படியானால் எரிபொருள் என்று சொல்லுங்கள்."

"சரிம்மா. எரிபொருள்னே வச்சுக்கிடுவோம்."

கூடத்தில் மாட்டியிருக்கும் புகைப்படத்தைப் பார்த்தார். கலெக்டரிடம் நாங்கள் மனுக் கொடுத்த படம். மாதர் மதுவிலக்குக் குழுவுக்கு இருபத்தொரு வருடம் நான்தான் தலைவியாக இருந்தேன். பக்கத்தில் அவர் படம், மாலையோடு.

"சார் எப்படித் தவறுனாங்க?"

"இருதயம்."

கடைசி ஆறு மாதம் கண் மஞ்சள் பூத்து, வயிற்றில் நீர் கோத்து மிகவும் சிரமப்பட்டார். இருதயம் பலவீனமானால் எல்லாம்தான் கெடும்.

பத்து லிட்டர் வரை சோதனை செய்துபார்க்கக் கல்லூரிப் பெயரில் அனுமதி இருக்கிறதாம். திங்கள் முதல் ஆரம்பம். மேற்பார்வைக்குச் செங்கோடனைப் போட்டேன். அவன் பாய்லர் பார்ப்பவன். இருபது வயதில் இங்கே வந்தான், இப்போது அறுபத்தொன்று. சொன்ன வேலையைச் செய்வான், சொல்லாததைப் பேசமாட்டான்.

அக்டோபர் 25, செவ்வாய்

முதல் சோதனை வீண். மூன்றாம் நாள் பானையைத் திறந்தால் காடி நாற்றம். நேற்று தீபாவளிக்குச் செய்த மைசூர்பாகும் கல்லாகிவிட்டது. இரண்டுக்கும் காரணம் மழை ஈரம் என்கிறார் பேராசிரியர். மைசூர்பாகுக்குக் காரணம் சமையல்காரி என்பது என் கருத்து.

செங்கோடன் வாசற்படியில் நின்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். சிரித்தான் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 2, புதன்

இரண்டாவதும் காடி. பேராசிரியர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வெளிநாட்டு ஈஸ்ட்டாம். இந்த ஊர் நுண்ணுயிர்களிடம் தோற்றுப்போகிறதாம்.

செங்கோடன் மெதுவாக உள்ளே வந்தான். கையில் ஒரு சாக்குப்பை.

"அம்மா, தப்பா நெனைக்காட்டி ஒண்ணு சொல்றனுங்க. இதுல ரெண்டு கை வேலம்பட்டை நசுக்கிப் போட்டுப் பாக்கலாமுங்க."

பேராசிரியர் நிமிர்ந்தார். "வேலம்பட்டையா? அதுல துவர்ப்பு உண்டு. துவர்ப்பு பாக்டீரியாவ அமுக்கும், ஈஸ்ட்ட ஒண்ணும் செய்யாது! ஏய், ஒனக்கு எப்படிப்பா தெரியும்?"

செங்கோடன் என்னைப் பார்த்தான். பிறகு பையைப் பார்த்தான். "தோலு பதம் பண்றதுக்குப் போடுவாங்களுங்க."

நாற்பத்தொரு வருடம் நம்மிடம் வேலை பார்ப்பவனுக்குத் தோல் பதனிடும் அறிவு இருப்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. கேட்டால்தானே சொல்வார்கள்.

நவம்பர் 9, புதன்

வெற்றி. ஊறல் காடியாகவில்லை. நுரை அடங்கி, தேன் நிறத்தில் தெளிந்து நின்றது. பேராசிரியர் கண்ணாடிக் குடுவையில் வைத்து வடித்தார். முதலில் விழுந்த அரை டம்ளரைச் செங்கோடன் வெடுக்கென்று எடுத்து மண்ணில் கொட்டினான்.

"மொதல்ல வர்றது ஆவாதுங்க. கண்ணு போயிரும்."

அடுத்து வந்ததை உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தான். "இது சுத்தம்" என்றான். பேராசிரியரின் மானி அதற்குப் பிறகுதான் அதையே சொன்னது.

ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் பற்றவைத்தோம். நீலச் சுடர். புகை இல்லை, கரி இல்லை. அழுகிக் கிடந்த திப்பியில் இருந்து இப்படி ஒரு சுத்தமான நெருப்பு வரும் என்று யார் சொன்னாலும் நம்பியிருக்கமாட்டேன். நான் படித்த கான்வெண்ட் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றும் முறை எனக்கு வந்த நாட்களில்கூட இவ்வளவு நேரம் ஒரு சுடரைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

ஆயிரம் லிட்டர் வடிகலனுக்குக் கோயம்புத்தூர்ப் பட்டறையில் சொல்லியாயிற்று.

நவம்பர் 11, வெள்ளி

கலால் அலுவலகத்துக்கான விண்ணப்பம். இருபத்திரண்டு கேள்வி. சின்னச் சின்னக் கோடுகள், யானைக்கால் அளவு கேள்விகள்.

ஒன்பதாவது கேள்வி: பயன்படுத்தும் மூலப்பொருட்கள். 'திப்பி, தண்ணீர், நொதிப்பொடி, ஈஸ்ட்' என்று சொல்லிக்கொண்டே வந்த பேராசிரியர் நிறுத்திக்கொண்டார்.

"வேலம்பட்டை?" என்றேன்.

"அத எழுத வேண்டாம்னு தோணுதும்மா."

"ஏன்?"

"சும்மாதான். சின்ன அளவுதான. அறிக்கையில பின்னால சேத்துக்கிடலாம்."

"போட்டிருக்கிறோமா, இல்லையா?"

"போட்டிருக்கோம்."

"போட்டதை எழுதாமல் விடுவதற்குப் பெயர் பொய்."

அவர் எதையோ சொல்ல வாயெடுத்து, காப்பியைக் குடித்துவிட்டார். கோவில் கமிட்டியில் இருப்பவர். இவ்வளவு மழுப்பல் கூடாது. 'வேலம்பட்டை, நூறு லிட்டருக்கு இரண்டே கால் கிலோ' என்று தெளிவாக எழுதினேன். பத்தாவது கேள்விக்கு, 'ஊறல் தொட்டி: இரண்டு'. வடிகலனை இயக்குபவர்: செங்கோடன்.

நவம்பர் 13, ஞாயிறு

பதினான்காவது கேள்வியை இன்றுதான் நிரப்பினேன். 'இந்த வளாகத்திலோ, உரிமையாளர், அவர் குடும்பத்தார், பணியாளர் மீதோ மதுவிலக்குக் குற்றம் ஏதேனும் உண்டா?' இல்லை.

இரண்டு நாளாகப் பேனா சரியாக எழுதவில்லை.

நவம்பர் 14, திங்கள்

விண்ணப்பம் போயாயிற்று. மாடிக் குழாயில் வாஷர் மாற்றினேன், நானே.

நவம்பர் 23, புதன்

இப்படி ஓர் அவமானம் என் ஆயுளில் நடந்ததில்லை.

நேரில் வரச் சொல்லிக் கலால் அலுவலகத்தில் இருந்து போன் வந்தது. கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு போனேன். ஆய்வாளர் தணிகைவேல் நாற்காலி கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார். என் விண்ணப்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்து மேஜையில் இருந்த இரண்டு பேர் எழுந்து வந்து சுவரோரமாக நின்றுகொண்டார்கள்.

"அம்மா, எனக்கு இருவத்தாறு வருச சர்வீஸ். எத்தனையோ பேரப் பிடிச்சிருக்கேன். பட்டை போட்டிருக்கேன்னு கைப்பட எழுதி, எடையும் போட்டு, கையெழுத்தும் போட்டுக் குடுத்த மொத ஆள் நீங்கதான்."

சுவரோரத்தில் ஒருவன் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தான்.

"இதில் சிரிக்க என்ன இருக்கிறது?"

"ஊறல் தொட்டின்னு வேற எழுதியிருக்கீங்க."

"ஊறவைக்கும் தொட்டியை வேறு என்னவென்று எழுதுவது?"

அவர் முகம் மாறியது. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பட்டைச் சாராயம்னு கேள்விப்பட்டிருப்பீங்களேம்மா. அந்தப் பட்டை இந்த வேலம்பட்டைதான். ஊறல்னா நாங்க போய் அழிக்கிறது. ரெண்டையும் சேத்து எழுதுனா எங்க ஆபீஸ்ல வேற அர்த்தம்."

பட்டைச் சாராயம் என்றால் பனம்பட்டையில் ஊற்றிக் குடிப்பது என்று நினைத்திருந்தேன். பதநீர் குடிக்கிறார்களே, அதுபோல. இருபத்தொரு வருடம் மேடையில் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பேசியிருக்கிறேன். கையை இலைமாதிரி குவித்துக் காட்டிக்கூடப் பேசியிருக்கிறேன். கீழே உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தியும் திருத்தவில்லை!

ஆனால் அவர் கூப்பிட்டது அதற்கு இல்லை. பட்டை பரவாயில்லையாம், பேராசிரியர் காரணம் எழுதிக் கையெழுத்திட்டால் போதுமாம். பழைய கோப்பு ஒன்றை எடுத்தார். ஓரம் அரித்தது. 1988 ஜூன். இதே வளாகம். பாய்லர் அறைக்குப் பின்னால் வேலம்பட்டை ஊறல் இரண்டு பானை, வடிக்கும் சாமான், கைது: செங்கோடன். குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறு மாதம் சிறை.

"பதினாலாவது கேள்விக்கு இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன்.

"நான் உங்களக் குத்தம் சொல்லல. ரெண்டு வழி இருக்கு. அந்த ஆள வேலைய விட்டு நிறுத்திட்டோம், விஷயம் எங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு உறுதிமொழி குடுங்க. பத்து நாள்ல அனுமதி வந்துரும். இல்லைன்னா பொய்த் தகவல்னு விண்ணப்பத்தத் தள்ளிருவாங்க. உங்களுக்கு ஜனவரி எட்டு வரைக்கும்தான் டைம் இருக்கு போல."

விண்ணப்பம் தள்ளுபடியானால் திப்பிக்கு வழி இல்லை. திப்பிக்கு வழி இல்லாவிட்டால் ஆலை இல்லை. கணக்கு எளிது.

நவம்பர் 24, வியாழன்

செங்கோடனை அலுவலக அறைக்குக் கூப்பிட்டேன்.

"1988இல் உன்மேல் ஒரு வழக்கு இருந்ததாமே. வடிகலனுக்கு உன் பெயரை எழுதியபோது ஏன் சொல்லவில்லை?"

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தான். இத்தனை வருடத்தில் அவன் என்னை நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"உங்களுக்குத் தெரியாதுங்களாம்மா?"

"கேட்டதற்குப் பதில் சொல்."

"மறந்துட்டனுங்க," என்றான். "நான் நின்னுக்கறேன். எழுதிக் குடுத்துருங்க. ஆலை முக்கியமுங்க."

பாய்லர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். எந்தத் தகராறும் இல்லாமல் முடிந்தது. உறுதிமொழியைத் தட்டச்சு செய்யச் சொன்னேன்.

நவம்பர் 25, வெள்ளி

தட்டச்சு செய்தவள் 'உறுதிமொழி'யை 'உருதிமொழி' என்று அடித்திருக்கிறாள். கிழித்துப்போட்டேன். மறுபடி அடிக்கச் சொன்னேன். அதில் பிழை இல்லை. ஆனால் தாள் மட்டம். அதையும் கிழித்தேன்.

நவம்பர் 27, ஞாயிறு

செங்கோடன் மனைவி பாவாயி அரிசிச் சிப்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். மாதா மாதம் நான் அனுப்பும் அரிசி. அவன் சிறைக்குப் போன மாதம் தொடங்கியது. வெளியே வந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. என் கருணையில் எனக்கே ஒரு திருப்தி உண்டு என்பதை மறைப்பானேன்.

வராந்தாவில் இறக்கிவைத்தாள்.

"இந்த மாசத்துல இருந்து வேண்டாமுங்க."

"ஏன்? வேலையை விட்டு நின்றால் என்ன? தர்மத்துக்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை."

"தர்மமுங்களா?" முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க தர்மம்னு குடுத்தீங்களாக்கும். நாங்க கூலின்னுல்ல வாங்குனோம்."

"எதற்குக் கூலி?"

"ஆறு மாசத்துக்குங்க."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் மீதிச் சில்லறை கேட்பதுபோலச் சொன்னாள். கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள், சத்தம் வராமல்.

அரிசி இன்னும் வராந்தாவில் இருக்கிறது. எடுத்து உள்ளே வைக்க யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 28, திங்கள்

கான்வெண்டில் பொய் சொன்னவளை மதர் சுப்பீரியர் தண்டிக்கமாட்டார். உட்காரவைத்து, நடந்ததை நடந்த வரிசையில் எழுதச் சொல்வார். பெயரடைகள் கூடாது. எழுதுகிறேன்.

ஜூன் மாதம். காலை பத்து மணி இருக்கும். போலீஸ் ஜீப் ஆலைக்குள் வந்தது. நான் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தேன். அவர் பாய்லர் அறைப் பக்கத்தில் இருந்து பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தார். சட்டையைக் கழற்றிப் போட்டார். வேறு சட்டை போட்டுக்கொண்டார். இரண்டு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டார். தலை வாரிக்கொண்டு முன்வாசலுக்குப் போனார்.

கழற்றிப் போட்ட சட்டையை நான் எடுத்தேன். முழங்கை வரை நனைந்திருந்தது. சோப்புத் தண்ணீரில் அமுக்கினேன். அந்த வாடை எனக்குத் தெரியும். ஏழு வருடமாக அந்த வாடை வரும் சட்டைகளை நான்தான் துவைத்தேன். வண்ணாத்திக்குப் போடமாட்டேன்.

முற்றத்தில் சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு பானையை இறக்கிவைத்துவிட்டு, "இது யாருது?" என்று கேட்டார்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. செங்கோடன் அவரைப் பார்த்தான். பிறகு, "என்னுதுங்க" என்றான்.

அவர் என் பக்கம் திரும்பி, "சாருக்குக் காப்பி கொண்டு வா" என்றார். கொண்டு வந்தேன். செங்கோடன் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் டவராவைப் பார்த்தேன். நுரை சரியாக நிற்கிறதா என்று பார்த்தேன்.

அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். மறு வருடம் நான் மாதர் மதுவிலக்குக் குழுவைத் தொடங்கினேன். அவர் இருபத்தொரு வருடம் கழித்துக் கல்லீரல் கெட்டுப் போனார்.

இது நடந்த வரிசை.

டிசம்பர் 5, திங்கள்

கலால் அலுவலகம். என் விண்ணப்பத்தைத் திருப்பிக் கேட்டேன். பதினான்காவது கேள்வியில் 'இல்லை' என்பதைக் கோடு போட்டு அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்து, 'ஆம்' என்று எழுதினேன். பதிலுக்கு அவர்கள் விட்டிருந்த இடம் இரண்டு அங்குலம். ஒரு மனிதன் செய்த தவற்றை இரண்டு அங்குலத்தில் எழுத முடியும் என்று எவன் முடிவு செய்தான்? தனித்தாள் இணைத்தேன். 'ஊறல் போட்டவர் என் கணவர் அர்த்தநாரி. பழியை ஏற்றவர் செங்கோடன். அன்றே அறிந்திருந்தும் மறைத்தவள் நான்.'

தணிகைவேல் இரண்டு தடவை படித்தார்.

"போய்ச் சேந்தவர ஏம்மா இழுக்கறீங்க? அந்த உறுதிமொழியக் குடுத்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

"தெரியாது என்று எழுதச் சொன்னீர்கள். எனக்குத் தெரியும்."

"இத எழுதுனதால செங்கோடன் தண்டனை அழிஞ்சுறாதும்மா. அவரு ஒத்துக்கிட்டு, கோர்ட்டு குடுத்தது. பேப்பர்ல அவர்தான் குற்றவாளி."

"உண்மை இந்தத் தாளில் இருக்கிறதே!"

"அதுவும் பேப்பர்தான். இது மேல அனுப்புறேன். என்ன சொல்லுவாங்கன்னு எனக்கே தெரியாது."

பேருந்து நிலையத்துக் கடையில் இட்லி வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டேன். பசிதான். காலையில் சாப்பிடவில்லை.

டிசம்பர் 6, செவ்வாய்

நன்றியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இதையும் எதிர்பார்க்கவில்லை.

எட்டு மணிக்குச் செங்கோடன் வந்தான். அலுவலகத்தில் இருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேட்டிலேயே நின்று கத்தினான். கிழங்கு இறக்கிக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள்.

"ஏனுங்கம்மா இப்பிடிப் பண்ணுனீங்க? யாரு கேட்டா உங்கள?"

"உன்மேல் இருந்த பழியை நீக்கியிருக்கிறேன்."

"நீக்குனீங்களாக்கும்! நீங்க நீக்கறதுக்கா நான் சொமந்தேன்? முப்பத்துநாலு வருசம் என் பொண்டாட்டியத் தவிர ஒருத்தருகிட்டயும் வாயத் தொறக்கல. ஐயா என் தோளத் தொட்டு, 'நீ இல்லைன்னா நான் இல்லடா'ன்னாரு. அந்த ஒரு வார்த்தைய வச்சிக்கிட்டுத்தான் உள்ள கெடந்தேன். ஐயா பேரு கெடாமக் காப்பாத்துனவன் நான். ஒரு நாள்ல எழுதி ஊரு பூராவும் நாற வச்சிட்டீங்களே!"

"தவறு செய்தவர் அவர்."

"எனக்குத் தெரியாதுங்களா அது? கூட இருந்து போட்டவன் நானுங்க!"

போய்விட்டான். பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

என்மேல் அவன் கோபப்படுவது அநியாயம். இதை நான் நாள் முழுவதும் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னவள்மேல் கோபப்பட என்ன உரிமை? பகல் சாப்பாட்டில் உப்பு இல்லை. அதற்கும் சமையல்காரியிடம் கத்தினேன்.

மாலையில் ஒன்று தோன்றியது. எழுதுவதற்கு முன்னால் அவனிடம் நான் கேட்கவே இல்லை.

டிசம்பர் 8, வியாழன்

அரிசியை உள்ளே எடுத்து வைத்தேன். கூடத்துப் புகைப்படத்தைக் கழற்றினேன், கலெக்டர் படத்தை. மாலை போட்ட அவர் படம் இருக்கட்டும்.

டிசம்பர் 21, புதன்

அனுமதி வந்துவிட்டது! திப்பிக் குவியல் வாரா வாரம் குறைவதைக் காட்டினால் சீல் வைப்பதும் ஜூன் வரை தள்ளிவைக்கப்படும்.

ஒரு நிபந்தனை. தண்டனை பெற்றவர் வடிகலன் அறைக்குள் காலடி வைக்கக் கூடாது. அறையைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட வேண்டும். வேறு ஒருவர் பெயரில் இயக்குபவர் சான்று வாங்க வேண்டும்.

பழியைச் சுமந்தவன் கோட்டுக்கு வெளியே. குற்றம் செய்தவருக்குக் கூடத்தில் மாலை. மறைத்தவளிடம் சாவி. இந்தச் சட்டத்தை எழுதியவர் எந்தப் பள்ளியில் படித்தார்?

டிசம்பர் 23, வெள்ளி

சான்று வாங்க யாரும் முன்வரவில்லை. பேராசிரியருக்கு முட்டி வலி, வாரம் ஒரு நாள்தான் வர முடியும். எலெக்ட்ரீஷியனிடம் கேட்டேன். "சாராயம் காச்சறவன்னு பேரு வந்தா என் பொண்ண யாருங்க கட்டுவாங்க?" என்றான். எரிபொருள் என்று திருத்தினேன். "எப்பிடிச் சொன்னாலும் காச்சறதுதானுங்க" என்றான்.

டிசம்பர் 26, திங்கள்

என் பெயரைக் கொடுத்தேன்.

தணிகைவேல் போனில், "உங்க வயசு என்னம்மா?" என்றார்.

"எழுபத்துமூன்று. உச்சவரம்பு ஏதும் உண்டா?"

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "போடலம்மா," என்றார். "யாரும் கேப்பாங்கன்னு நெனைக்கல போல."

ஜனவரி 2, திங்கள்

பயிற்சி முடிந்தது. சான்றில் என் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்கள். வடிகலன் வந்து இறங்கியது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. எனக்கு அது பிடிக்கவில்லை, அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை.

ஜனவரி 4, புதன்

செங்கோடன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, தகவல் சொல்லப் போனேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். கதவு திறந்திருந்தது. பாவாயி பாய் போட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமம் என்பதால் நின்றேன்.

"உன்னைக் கேட்காமல் எழுதியது தப்பு," என்றேன். "எழுதியது தப்பில்லை. கேட்காதது தப்பு."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்றைக்கு நீ என்னைப் பார்த்தபோது நான் உன்னைப் பார்க்கவில்லை. அதுவும்."

பாவாயி மெல்ல அவன் பக்கம் திரும்பினாள். அவன் திரும்பவில்லை.

"வெள்ளிக்கிழமை முதல் வடிப்பு. என் பெயரில் சான்று. எனக்கு ஒன்றும் தெரியாது," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 6, வெள்ளி

காலை ஏழு மணி. வெயில் வந்திருக்கிறது. பேராசிரியர் மானிகளோடு உட்கார்ந்திருந்தார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். திரும்பினால் மஞ்சள் கோட்டுக்கு வெளியே, சரியாக ஒரு சாண் தள்ளி, செங்கோடன் நிற்கிறான். வணக்கம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுப்பைப் பற்றவைத்தேன்.

"காத்துத் தொறப்ப மொதல்ல தொறங்க!"

திறந்தேன்.

"அது இல்லீங்க. சோத்தாங்கைப் பக்கம் இருக்கறது."

திறந்தேன். கலன் உறுமியது. ஊறல் கொதிக்கத் தொடங்கியது. மானி ஒன்று ஏறியது, மற்றொன்று இறங்கியது. பேராசிரியர் இங்கிலீஷில் எதையோ சொன்னார். செங்கோடன் அதற்குமேல் கத்தினான்.

"தீயக் கொறைங்க! கொறைங்கம்மா! கொறைங்கன்னா அணைக்கச் சொல்லலீங்க! போச்சு. மறுபடி பத்த வைங்க. மொத வடிப்பத் தனியாப் பிடிங்க, பாத்திரத்த மாத்துங்க, அந்தக் கையில இல்ல, சுட்டுரும்!"

சுட்டுவிட்டது. இடது கைக் கட்டைவிரல். கிழங்கு உரிக்கும் பெண்கள் எல்லாரும் வேலையை விட்டு வந்து வரிசையாக நின்றார்கள். என்னை இப்படி அதட்டி வேலை வாங்கிய ஆணோ பெண்ணோ கான்வெண்டுக்குப் பிறகு கிடையாது. எனக்குக் கோபம் கொதித்தது. கோபத்தில் தீயைக் கூட்டிவிட்டேன். நுரை பொங்கிக் குழாய்க்குள் ஏறியது. வெள்ளையாக விழ வேண்டியது பழுப்பாக விழுந்தது.

செங்கோடன் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

"அட, இதுக்கு ஐயாவே தேவலாமுங்க!"

பெண்கள் அப்படியே நின்றார்கள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். செங்கோடன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

இந்த வளாகத்தில் அவரைப் பற்றி ஒருவர் உள்ளபடி பேசியது இதுதான் முதல் தடவை.

சுட்ட விரலை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு கோட்டருகே போனேன்.

"அவர் எவ்வளவு தீ வைப்பார்?" என்று கேட்டேன்.

சொன்னான். அவ்வளவே வைத்தேன்.